ஆலீஸ் நின்ற இடம்

திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு, சுகிர்தம் நான்காவது சாசனத்தின் படத்தை உறையிலிருந்து எடுத்து மேசை விளக்கின் கீழ் விரித்தபோது, ஆலீஸ் என்ற பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

சுரண்டியது போல் இல்லை. நீர் பட்டு மங்கியது போலவும் இல்லை. வரியின் இரு புறமும் எண்ணூறு வருடத்துப் பழுப்பு மை எறும்பு ஊர்வது போல நெருக்கி நெருக்கிப் போய்க்கொண்டிருந்தது; நடுவில் ஒரு பெயரின் அகலத்துக்கு ஆட்டுத்தோல் தாள் மட்டும் தெரிந்தது, அங்கே ஒருபோதும் யாரும் எதையும் எழுதாதது போல. சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையின் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளிக்கிழமைதான் அவளே அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கணினியில் பதிந்திருந்தாள். ஐந்தாவது படத்தை எடுத்தாள். ஆறாவதை எடுத்தாள். ஏழிலும் அதே வெற்றிடம்.

"என்ன மதாம் சுகிர்தம், வாசிக்கவில்லையே?" என்று ஜன்னலோரச் சாய்கதிரையிலிருந்து ரேமண்ட் கேட்டார்.

வெளிச்சம் போதவில்லை என்று சொன்னாள். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அந்தச் சின்னப் பொய் நாக்கில் கசந்தது.

ரேமண்டுக்கு எண்பத்தொரு வயது. லீசே என்கிற பிரெஞ்சு உயர்பள்ளியில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர், மணமாகாதவர். பெர்தொனே வீதியில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் விற்கிற கடைக்கு மேலே, நான்காம் மாடியில் தனியாக இருந்தார். சுகிர்தம் புறநகரான ஸ்தேனிலிருந்து ரயிலில் வந்து, ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவருக்குச் சமைத்து, மருந்து கொடுத்து, குளிக்க உதவினாள். முதலில் வேலை அவ்வளவுதான். பிறகு அவருடைய பார்வையின் நடுப்பகுதி அழிந்துபோயிற்று. ஒருவரை நேரே பார்த்தால் முகம் தெரியாது, ஓரத்தில் நிற்பவர்கள்தான் தெரிவார்கள் என்பார். ஒரு பிற்பகல் அவர் தன் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, தான் வாசித்துத் தரட்டுமா என்று அவளே கேட்டாள். சம்பளத்தில் சேராத சின்ன உதவி. பெரிய காரியங்களைக் கடவுள் பெரியவர்களிடம் விட்டிருக்கிறார், சின்னவற்றைத் தன்னைப் போன்றவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார் என்று நம்புகிறவள் அவள்.

அந்தத் தாள்களெல்லாம் து வெர்லூ என்ற ஒரு குடும்பத்தைப் பற்றியவை. ரேமண்டின் தாய்வழி அது என்று சொல்லப்பட்டது. அவரே கடைசி ஆள். நோர்மண்டியிலிருந்து கடல் கடந்து போய் இங்கிலாந்தில் நிலம் பெற்றவர்கள், நூற்று நாற்பது வருடம் இரண்டு கரையிலும் நிலம் வைத்திருந்தார்கள். பிறகு நோர்மண்டி பிரெஞ்சு அரசனின் கைக்குப் போனபோது, இந்தக் கரையா அந்தக் கரையா என்று தேர்ந்துகொள்ள வேண்டி வந்தது. இளையவன் இங்கே நின்றான். மூத்தவன் அங்கே போனான். தம்பி எதிரியின் பக்கம் நிற்கும்போது அண்ணனை எப்படி நம்புவது என்று அங்குள்ள அரசன் பிணை கேட்டான். மூத்தவன் தன் தங்கை ஆலீஸைக் கொடுத்தான். அவளுக்குப் பதினொரு வயது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று ரேமண்ட் சாதாரணமாகச் சொன்னார். சுகிர்தத்தின் விரல்கள் அன்று விசைப்பலகையில் வெகுநேரம் அசையாமல் கிடந்தன.

அதன்பின் எண்பத்தைந்து வருடங்களில் அந்தக் குடும்பம் ஒரு மடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் கொடுத்த ஏழு சாசனங்கள் மிஞ்சியிருந்தன. ஒவ்வொன்றிலும் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக என்று ஒரு வரிசைப் பெயர்கள், உயிரோடிருப்பவர்களின் நலத்துக்காக என்று இன்னொரு வரிசை. காலம் போகப் போக ஒவ்வொரு பெயரும் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இடம் மாறியது. ஆலீஸ் மட்டும் மாறவில்லை. ஏழாவது சாசனத்தில், தொண்ணூற்றாறு வயதிலும், அவள் உயிரோடிருப்பவர்களோடே இருந்தாள். எழுத்தர்கள் பழைய சாசனத்தைப் பார்த்து அப்படியே பிரதி பண்ணியிருப்பார்கள் என்று ரேமண்ட் சிரித்தார். ஆனால் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் எழுதி வைத்திருந்த அட்டைகளில், அவளுடையதில் மட்டும் இறந்த ஆண்டுக்கான கட்டம் காலியாகவே கிடந்தது.

எழுத்தர்களின் சோம்பல் அது என்று சுகிர்தம் நம்பவில்லை. அவளுக்கு வேறு காரணம் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருந்த மணலில், ஒரு நாளாவது இயக்கத்தோடு நின்றவர்கள் பதிந்துகொள்ளலாம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவத்தார் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மகன் றெமிஜியஸுக்குப் பதினேழு வயது. இயக்கம் பதினைந்து நாள் பிடித்து வைத்திருக்க, ஓடி வந்தவன். அவன் போகமாட்டேன் என்றான். எட்டு வயது மகள் நிரஞ்சலாவை ஒரு கையிலும் அவனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, அவளே போய் அவனை வரிசையில் விட்டாள். ஒளித்து வைத்தால் பிறகு கரைச்சல், நேர்மையாக நடந்தால் நல்லது நடக்கும் என்று நினைத்தாள். ஒரு சேதியும் இல்லாமல் பதினாறு வருடம் போய்விட்டது.

ஒவ்வொரு நவம்பரிலும் தமிழ்த் திருப்பலிக்கு இரண்டு தாள் கொடுப்பார்கள். வெள்ளை, உயிரோடிருப்பவர்களுக்கு. ஊதா, மரித்தவர்களுக்கு. கொடுக்கிற பெயர்களை எல்லாரும் கேட்க வாசிப்பார்கள். சுகிர்தம் ஊதாத் தாளில் கணவன் மடுத்தீனையும் தாய் தகப்பனையும் எழுதுவாள். றெமிஜியஸை வெள்ளையில் எழுதுவாள். சுவாமியாரும் ஒன்றும் கேட்டதில்லை, பெயர்களைச் சேர்த்து வாசிக்கிற றெஜினாவும் கேட்டதில்லை.

இந்த வருடம் ஊதாத் தாளின் கடைசியில் ஆலீஸ் என்று எழுதினாள். எண்ணூறு வருடமாக ஒருவரும் அவளை இறந்தவள் என்று ஒப்புக்கொண்டு, அவளுக்கென ஒரு செபம் சொன்னதில்லை. பிள்ளை எங்கேயோ நின்றுகொண்டே இருக்கிறது போலத் தோன்றியது. எழுதும்போது சுகிர்தத்தின் கை நடுங்கவில்லை. நம் பிள்ளைக்கு எழுத முடியாததை மற்றவர் பிள்ளைக்கு எழுதுவது எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்று அப்போது அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

தாளை வாங்கிய றெஜினா கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். பெர்தொனே வீதியில் ரேமண்டின் வீட்டுக்குக் கீழே இருக்கிற மரக்கறிக்கடை அவளுடையதுதான். வாய் சும்மா இராது.

"ஆரக்கா இந்த ஆலீஸ்? மடுத்தீன் அண்ணைக்கு எங்களுக்குத் தெரியாமல் ஒரு வெள்ளைக்காரி இருந்தவவோ?"

"அந்த மனுசனுக்கு ஒருத்தியைச் சமாளிக்கவே ஏலாது. இது ஆருமில்லாத பிள்ளை. வாசிச்சுவிடு."

றெஜினா வாசித்தாள். அந்தப் பெயர் கோவிலுக்குள் ஒலித்து அடங்கியதும், சுகிர்தத்துக்குப் பின்னால் யாரோ மிக நீண்ட ஒரு மூச்சை வெளியே விட்டார்கள். ஈரக் கம்பளியின் வாடை வந்தது. வெளியே மழை இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள்தான் பெயர் இல்லாமல் போனது.

செவ்வாய்க்கிழமை வந்து கதவைத் திறந்தபோதே அந்த வாடை நடைக்கூடத்தில் நின்றது. வாசலிலிருந்து ரேமண்டின் அறைவரை போகிற ஒடுக்கமான, ஜன்னலில்லாத நடைக்கூடம் அது. கீழே கடையிலிருந்து ஏறி வருகிற கறிவேப்பிலை மணமும், பழைய மெழுகின் மணமும், கார் து நோர் நிலையத்து ரயில்கள் போகும்போது தளப்பலகையில் வருகிற மெல்லிய நடுக்கமும் அவளுக்குப் பழகியவை. இது அவற்றுக்கு அடியில் கிடந்தது. நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த கம்பளி, ஆற்றுச் சேறு, பலர் நெருக்கமாக வெகுநாள் நின்ற இடத்தின் புளித்த வெப்பம். முழங்காலிட்டுத் தளத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

மூன்று மணிக்குக் கோப்பி கொண்டுபோனபோது ரேமண்ட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவளிடம் மெல்லிய குரலில், கூடத்தில் நிற்கிறவருக்கு ஒரு கதிரை கொடுங்கள் என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். மேலங்கி மாட்டுகிற கொம்புத்தடி மட்டும் நின்றது.

"தடி இல்லை, மதாம். ஓரத்தில். உயரமானவர் ஒருவர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். வெகுநேரமாக நிற்கிறார்கள்."

உடனே அவரே மன்னிப்புக் கேட்டார். பார்வை போகிறவர்களுக்கு, இல்லாத ஆட்களை மூளை காட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று கண் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாராம். அவள் தலையாட்டினாள். போகும்போது, யாருக்கென்று தெரியாமலே, சமையலறைக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரோரம் போட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை அந்தக் கதிரை வாசலுக்கு வெளியே, படிக்கட்டில் இருந்தது.

ஏழு படங்களிலும் வெற்றிடம் வெற்றிடமாக இல்லை. தோலின் அடியிலிருந்து ஊறி வருவது போல மங்கலான கீறல்கள் எழும்பியிருந்தன. எழுத்துகள் என்று சொல்ல முடியாது. ஆலீஸ் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. இது அதைவிட நீளமாக இருந்தது.

வியாழக்கிழமை இங்கிலாந்து ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து கடித உறை வந்தது. வசந்த காலத்தில் ரேமண்ட் கேட்டு எழுதியிருந்த ஒரு சிறு துண்டின் படம்: ஆலீஸை ஒப்படைத்த அன்று எழுதிய பிணை முறி. சந்தோஷத்தில் அவர் உறையைத் தாமே கிழித்தார். அவள் லத்தீன் சொற்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு அவற்றைச் சேர்த்துப் பொருள் சொன்னார். நிலம் இன்னது, எல்லை இன்னது. பிள்ளை இன்னாள். யாரிடம் ஒப்படைக்கப்பட்டாள் என்ற இடத்தில் மட்டும் பெயர் இல்லை, "பெற்றுக்கொண்டவர்கள்" என்று இருந்தது. எந்தக் கோட்டை என்றும் இல்லை. கடைசி வாசகத்தை அவர் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

"அவளை இறந்தவளாக எழுதாததை நான் சோம்பல் என்றேன், நீங்கள் அன்பு என்று நினைத்தீர்கள், மதாம். இரண்டுமில்லை. பயம். கேளுங்கள். இந்தப் பிள்ளை இறந்தாள் என்று சாட்சிகள் முன்னால் யார் சொல்கிறாரோ, அவருடைய வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை அவளிடத்தில் நிறுத்தப்படும்."

அதனால்தான் அண்ணன் சொல்லவில்லை, அண்ணனின் மகன் சொல்லவில்லை, பேரனும் சொல்லவில்லை என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஞாயிறன்று கோவிலில் எல்லாரும் கேட்க வாசித்த அந்தப் பெயரை மட்டும் நினைத்தாள்.

"முசியே. யார் சொன்னாலுமா?"

"யார் சொன்னாலும் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டாரைத் தவிர வேறு யார் சொல்லப்போகிறார்கள்?"

ஐந்து மணிக்குக் கீழே கடைக்குப் போனாள். றெஜினா கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு ஆலீஸை வெள்ளைத் தாளில் வாசிக்க முடியுமா, ஊதாவில் வாசித்தது பிழை என்று எல்லாருக்கும் சொல்ல முடியுமா என்று சுகிர்தம் கேட்டாள். றெஜினா பகிடி பண்ண வாயெடுத்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"வாசிச்சதை எப்பிடியக்கா திருப்பி எடுக்கிறது? சரி, நான் சொல்லுறன். நீங்கள் முதல் இதிலை இருங்கோ. நடுங்குறீங்கள்."

இஞ்சிப் பிளேன்ரீ போட்டுக் கொடுத்தாள். சுகிர்தம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஞாயிறுவரை இன்னும் மூன்று நாள் என்று எண்ணினாள்.

அன்றிரவு ஸ்தேனில், சாப்பாட்டு மேசையில், நிரஞ்சலா தன் மேலங்கியின் கைநுனியைக் காட்டினாள். இருபத்துநாலு வயது, ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை, எதையும் சிரித்துக்கொண்டு சொல்லுகிற பிள்ளை. மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் ஈரமாக இருந்தது. பகல் முழுக்க மழை இல்லை.

"காயுதில்லை, அம்மா. காலைமை ரயிலுக்கை ஆரோ பிடிச்ச மாதிரி இருந்தது. திரும்பிப் பாத்தால் ஒருத்தருமில்லை. ஊத்தை நாத்தம் வேறை."

சுகிர்தம் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் துவாயால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்தது. தோல் சில்லிட்டுக் கிடந்தது. மகள் பார்க்காதபடி குனிந்து, அந்த மணிக்கட்டில் சிலுவை வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு முன்னால் கோவிலுக்குப் போய், ஆளில்லாத வாங்குப் பலகையில் முழங்காலிட்டாள். நான் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டாள். முன்பும் ஒருமுறை நல்லதுக்கென்றுதான் செய்தாள். பிறகு வேறு செபம் வரவில்லை. பிள்ளையை விடும், என்னை எடும் என்று மட்டும் சொன்னாள். அது செபம்தானா என்றும் தெரியவில்லை.

அன்று படங்களில் கீறல்கள் எழுத்தாகியிருந்தன. முதல் மூன்று எழுத்தை வாசித்துவிட்டு உறையை மூடினாள்.

சனிக்கிழமைகளில் நிரஞ்சலா ஐந்து மணிக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வருவாள். தாயும் மகளும் கிழமைச் சாமான் வாங்கிக்கொண்டு சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். இன்றைக்கு வரவேண்டாம் என்று சுகிர்தம் காலையில் மூன்று தரம் சொன்னாள். ஏனென்று சொல்லத் தெரியவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இரு, செபமாலையைக் கையில் வைத்திரு என்றாள். நிரஞ்சலா தாயின் கன்னத்தைத் தட்டி, சரி சரி என்பதுபோலத் தக்கோர், தக்கோர் என்றாள்.

நாலு மணிக்கே வானம் சாம்பலாகிவிட்டது. ரேமண்ட் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு, குளிர்பெட்டியின் முனகல், கீழே யாரோ பெட்டிகளை இழுக்கிற ஓசை, தூரத்தில் ரயில். சுகிர்தம் ஏழு படங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஏழிலும் ஒரே கை. ஒரே பழுப்பு மை. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய எழுத்தில், சுற்றியிருக்கிற பெயர்களின் மை எவ்வளவு பழசோ அவ்வளவு பழசாக, என்றைக்கும் அங்கே இருந்தது போல.

நிரஞ்சலா.

கைப்பேசி அடித்தது. சுகிர்தம் எடுத்தாள்.

"அம்மா, நீங்கள் காலைமை பயந்துபோய் இருந்தனீங்கள். உங்களைத் தனிய வர விட எனக்கு மனமில்லை. வந்திட்டன். கீழை நிக்கிறன், ஏறி வாறன்."

"வராதை" என்றாள். "பிள்ளை, வராதை." அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. படிக்கட்டில் கைப்பேசிக்கு இணைப்புக் கிடைப்பதில்லை.

கீழ்க் கதவு திறந்து மூடியது. முதல் மாடிப் படிகள். மரப் படிகள், ஒவ்வொன்றும் சத்தமிடும்.

சுகிர்தம் நடைக்கூடத்துக்குப் போகிற கதவைத் திறந்தாள்.

வாடை முகத்தில் அடித்தது. விளக்கை அழுத்தினாள். எரிந்தது. எரிந்தும் வெளிச்சம் தரைக்கு வரவில்லை.

அவர்கள் நின்றார்கள்.

இடது சுவரோடு, ஒருவர் பின் ஒருவராக. எல்லாருடைய முகமும் முன்னே. நனைந்த தலைகள். கம்பளி, தோல், சாரம், கிழிந்த சட்டை. பல காலத்தவர்கள், பல ஊரவர்கள். ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொருவரும் இடது கையை முன்னால் நீட்டியிருந்தார்கள், மருத்துவரிடம் நாடி காட்டுகிறவர்களைப் போல. ஒவ்வொரு மணிக்கட்டையும் ஒரு கை பிடித்திருந்தது. கை மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருட்டு.

கூடத்தின் நீளம் எட்டு அடி. வரிசைக்கு முடிவு தெரியவில்லை.

நடுவில் ஓர் இடம் காலி. ஒரு சின்னப்பிள்ளையின் அகலம்.

அந்த இடத்துக்கு நேரே ஒரு கை, எதையும் பிடிக்காமல், உள்ளங்கையை மேலே காட்டி, வாசற் பக்கம் நீண்டிருந்தது. காத்திருந்தது.

இரண்டாம் மாடிப் படிகள்.

வாசற் கதவருகே ஒரு சிறுமி நின்றாள். வரிசைக்கு வெளியே. பாவாடை முழங்காலில் ஒட்டிக்கிடந்தது. மணிக்கட்டில் சதை தேய்ந்து வெள்ளையாக ஒரு வளையம். அவள் கதவைப் பார்த்தாள், பிறகு சுகிர்தத்தைப் பார்த்தாள். போகச் சொன்னால்தான் போகத் தெரிந்த பிள்ளையின் பார்வை. உதடுகள் குளிரில் அடித்துக்கொண்டன.

சுகிர்தத்துக்கு நேரமில்லை. இருந்தும் தன் சால்வையை எடுத்து அந்தத் தோள்களில் போட்டு, கழுத்தருகே செருகிவிட்டாள். குளிரில் நடுங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் என்றைக்கும் முடிந்ததில்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

மூன்றாம் மாடி. நிரஞ்சலாவின் சப்பாத்துகள். வேகமாக.

காத்திருந்த கை மெதுவாகப் படிக்கட்டின் பக்கம் திரும்பியது.

சுகிர்தம் ஓடவில்லை. இரண்டு அடி. காலியிடத்துக்குள் தோளைக் குறுக்கி நுழைந்தாள். இடது கையை நீட்டினாள்.

கை தயங்கியது. அவளுடைய விரல்களைத் தடவியது, வயதைப் பார்ப்பது போல, எடை பார்ப்பது போல. மேரி மாதாவே. மேரி மாதாவே.

பிடித்தது.

குளிர் எலும்புவரை போனது. வாய் மூடிக்கொண்டது. கழுத்து முன்னே திரும்பிக்கொண்டது. இனித் திரும்பாது என்று தெரிந்தது.

படிக்கட்டில் நிரஞ்சலா யாருக்கோ வழிவிட்டு, பர்தோன் என்று சொல்வது கேட்டது. பிறகு உள்ளே வந்தாள். மூச்சிரைத்தது. விளக்கு இப்போது நன்றாக எரிந்தது, அவளுக்கு.

"அம்மா, ஆரது ஒரு சின்னப்பிள்ளை? உங்கடை சால்வையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போகுது." சிரித்துக்கொண்டு சொன்னாள். "அம்மா?"

சுகிர்தத்தின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நடந்து போனாள். மேலங்கியின் கைநுனி காய்ந்திருந்தது. அதைப் பார்க்க முடிந்தது. அது போதும் என்று சுகிர்தம் நினைத்தாள்.

சமையலறை. குளியலறை. ரேமண்டை எழுப்பிக் கேட்டாள். இப்போதுதானே இருந்தார் என்றது அவர் குரல். பிறகு அவர் ஏதோ சொல்லத் தொடங்கி, கூடத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி, சொல்லாமல் விட்டார்.

"றெஜினா அன்ரி, அங்கை அம்மா வந்தவவோ? கைப்பை இஞ்சை கிடக்கு. சப்பாத்துக் கிடக்கு. ஆளைக் காணேல்லை" என்றாள் கைப்பேசியில்.

காணேல்லை. அந்தச் சொல்லை இனி அவள் எத்தனை வருடம் சொல்லுவாள். எத்தனை கந்தோரில். எத்தனை நவம்பரில் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு. ஊதாவில் எழுது, பிள்ளை, என்னை விட்டுவிடு என்று சொல்ல நெஞ்சு எழும்பியது. உடனே அது நின்றது. எழுதினால். அவளுடைய வீட்டிலிருந்து. அவளுக்குப் பிறக்கப்போகிற ஒன்று.

எழுதாதை. ஒருநாளும் எழுதாதை.

சொல்ல வாய் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு முன்னால் நிற்கிறவனின் பிடரி தெரிந்தது. ஒல்லியான கழுத்து. மணல் ஒட்டிய நீலச் சட்டை. கழுத்துப்பட்டியின் ஓரத்தில் கிழிந்த இடத்தில், கறுப்பு நூல் கிடைக்காமல் அவளே சிவப்பு நூலால் போட்ட ஐந்து தையல்.

பதினேழு வயதுக் கழுத்து. ஒரு வயதும் கூடவில்லை.

அவன் திரும்பவில்லை.

நிரஞ்சலா கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, படிக்கட்டில் இறங்கித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். குரல் மாடி மாடியாகக் கீழே போயிற்று.

இருட்டில், எங்கேயோ வெகுதூரத்தில், முன்பக்கத்தில், ஒரு கதவு திறந்தது. ஈரக் கால்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

வரிசை ஓரடி நகர்ந்தது.